பட்டினியும் அச்சமும் மீனின் சதையைக் கரைக்கும்

ஐப்பசி மழையில் நிரம்பிய பண்ணைக் குட்டைகளில் கார்த்திகை மாதம் குஞ்சு விட்ட விவசாயிகள், மாசியில் வீச்சு வலை போட்டு வளர்ச்சியைப் பார்ப்பது வழக்கம். சில குட்டைகளில் அப்போது ஏமாற்றம் காத்திருக்கிறது. மீனின் நீளத்தில் பெரிய குறை தெரியாது. ஆனால் கையில் எடுத்தால் கனம் இருக்காது. தலை பெருத்து, வயிறு ஒட்டி, முதுகு கத்தி முனையைப் போல் மெலிந்திருக்கும். வித்து சரியில்லை என்று குஞ்சு விற்றவரைக் குறை கூறுவார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல வித்தாக இருந்தும், நீர் கெடாமல் இருந்தும், நோய் எதுவும் தாக்காமல் இருந்தும் மீன் இப்படி ஆவது உண்டு. காரணம், இடையில் சில வாரங்கள் மீன் பட்டினி கிடந்திருக்கும். அல்லது ஓயாமல் மிரட்டப்பட்டிருக்கும். பல குட்டைகளில் இரண்டுமே நடந்திருக்கும்.

25 சென்ட் குட்டையில் 1,000 மீன் நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 50 கிராம் குறைந்தால் அறுவடையில் 50 கிலோ போய்விடுகிறது. வைகாசிக்குள் நீர் வற்றிவிடும் குட்டைகளில் அந்த 50 கிலோவை மீண்டும் சம்பாதிக்க நாள் கிடையாது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளம் வைத்திருப்பவர் இரண்டு மாதம் பொறுத்துப் பிடித்துக் கொள்ளலாம். ஏழெட்டு மாத நீரை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பட்டினியாலும் அச்சத்தாலும் மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மீனின் சதை எப்படி வளர்கிறது?

குழம்பில் வெந்த கெண்டை மீனைப் பிட்டால் சதை மடல் மடலாகப் பிரிந்து வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த ஒவ்வொரு மடலும் நுண்ணிய தசை இழைகள் பல சேர்ந்த ஒரு கட்டு. இந்த இழைகளில் மிகப் பெரும்பகுதி வெள்ளைத் தசை. திடீரென்று பாய்ந்து ஓடுவதற்கு உதவுவது இதுதான். விலாவின் நடுவே தோலுக்கு அடியில் மெல்லிய பட்டையாகச் செந்நிறத் தசை ஓடும். மெதுவாக ஓயாமல் நீந்துவதற்கு அது வேண்டும். நாம் உண்பதும், எடைக்கு விற்பதும் பெரும்பாலும் வெள்ளைத் தசையைத்தான்.

ஆடு, மாடு போன்ற பிராணிகளில் தசை இழைகளின் எண்ணிக்கை பிறக்கும் தறுவாயிலேயே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு இருக்கும் இழைகள் பருத்துத்தான் உடம்பு வளர வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை போன்ற பெரிதாக வளரும் மீன்கள் அப்படியல்ல. இவற்றில் பழைய இழைகள் பருப்பதோடு புதிய இழைகளும் நெடுநாள் வரை தோன்றிக் கொண்டே இருக்கின்றன. இழைகளை ஒட்டி உறங்கிக் கிடக்கும் இருப்புச் செல்கள் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து புதிய இழைகளாகின்றன. குஞ்சுப் பருவத்தில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். ஒரு சில கிராம் எடையில் விடப்பட்ட குஞ்சு ஓராண்டுக்குள் முக்கால் கிலோ, ஒரு கிலோ என வளர்வது இதனால்தான்.

ஆனால் இழை பருக்கவும், புதிதாகத் தோன்றவும் இரண்டு பொருத்தங்கள் அமைய வேண்டும். ஒன்று, தீவனத்திலிருந்து வரும் புரதம். மற்றொன்று, ‘இப்போது வளரலாம்’ என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்கள். பட்டினி முதலாவதைத் தடுக்கிறது, இரண்டாவதையும் குலைக்கிறது. அச்சமோ, தீவனம் நிறைய இருக்கும்போதே இரண்டாவதைக் குலைத்துவிடுகிறது.

குதிர் நெல்லும் விதை நெல்லும்

தீவனம் கிடைக்காத மீன் உடனே மெலிந்துவிடுவதில்லை. வீட்டில் குதிர் நெல் இருக்கும்வரை யாரும் விதை நெல்லில் கை வைப்பதில்லை அல்லவா? மீனும் அப்படியே. கல்லீரலில் உள்ள மாவுச்சத்து, கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படிந்துள்ள கொழுப்பு ஆகியவை மீனின் குதிர். முதலில் இவற்றைத்தான் அது எடுத்துச் செலவழிக்கிறது. நன்றாக வளர்ந்த கெண்டை சில நாள் பட்டினியைச் சுலபமாகத் தாங்குவது இந்தச் சேமிப்பால்தான். மீன் வெப்ப இரத்தப் பிராணி அல்ல. உடம்பைச் சூடாக வைத்திருக்க அது தீவனத்தைச் செலவிடுவதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

குதிர் காலியாகத் தொடங்கியதும் விதை நெல்லில் கை படுகிறது. வெள்ளைத் தசையில் உள்ள புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிக்கப்பட்டு இரத்தத்தில் சேருகிறது. கல்லீரல் அதைச் சர்க்கரையாக மாற்றி மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அனுப்புகிறது. பழுதான புரதங்களைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு எல்லாத் தசையிலும் எப்போதும் உண்டு. சாதாரண நாட்களில் பிரிப்பதைவிடக் கட்டுவது கூடுதலாக இருப்பதால் சதை வளர்கிறது. பட்டினியில் பிரிக்கும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. கட்டும் வேலை நின்றுவிடுகிறது. இருதயத்தையும் செந்நிறத் தசையையும் மீன் கூடியவரை காப்பாற்றிக் கொள்கிறது. விற்பனைக்குரிய வெள்ளைத் தசைதான் முதலில் பலியாகிறது.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. தசையிலிருந்து புரதமும் கொழுப்பும் வெளியேறும்போது அந்தச் சதையில் நீரின் பங்கு கூடிவிடுகிறது. ஆதலால் பட்டினி கிடந்த மீனின் எடை, அது இழந்த சத்தின் அளவுக்குக் குறைந்து காட்டாது. தராசு ‘பரவாயில்லை’ என்று சொல்லும். ஆனால் சமைத்தால் சதை குழைந்து ருசியற்றிருக்கும். ஒரு முறை வாங்கிய வியாபாரி மறுமுறை விலையைக் குறைப்பார்.

ஹார்மோன் விஷயத்தில் பட்டினி ஒரு விசித்திரத்தைச் செய்கிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. மீன் வளர்ப்போருக்கு இந்தச் சுரப்பி புதிதல்ல. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒரிசாவிலுள்ள அங்குலில், ஹிராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் பெருங்கெண்டைகளைத் தூண்டி முட்டையிடச் செய்தது இந்தச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தித்தான். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பட்டினியின்போது இந்தச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பல மீன்களில் இரத்தத்தில் அது கூடவே செய்கிறது. ஆனால் கல்லீரல் அதன் சொல்லைக் கேட்பதில்லை. வளர்ச்சி ஹார்மோனின் உத்தரவைப் பெற்று, தசையை வளரச் செய்யும் ஒரு பொருளைக் கல்லீரல் வெளியிட வேண்டும். இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். பட்டினியில் அது வற்றிவிடுகிறது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து குவிகிறது, கீழே வேலை நடப்பதில்லை என்ற கதைதான். அந்த வளர்ச்சி ஹார்மோன் அப்போது கொழுப்பைக் கரைத்து உயிரைக் காப்பாற்றும் வேலையை மட்டும் பார்க்கிறது.

பாதித் தீவனத்தால் பாதி வளர்ச்சி வருமா?

வராது. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாட்டுக்குக் கொடுக்கும் தீவனத்தில் ஒரு பங்கு அதன் உடம்பைப் பராமரிக்கவே போய்விடும். மேற்கொண்டு கொடுப்பதுதான் பாலாக வரும். மீனிலும் பராமரிப்புக்குப் போக மீதம் இருப்பதுதான் சதையாகும். 1,000 மீன் சராசரி 200 கிராம் இருந்தால் குட்டையில் 200 கிலோ மீன் நிற்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 கிலோ தீவனம். செலவைக் குறைக்க 2 கிலோ போட்டால், பராமரிப்புக்கு வேண்டியது முழுவதும் முதலில் கழிந்துவிடும். வளர்ச்சி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

குட்டையில் இயற்கை உணவு இருந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். சாணமும் உரமும் இட்டுப் பசுமை படிந்த நீரில் நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்திருக்கும். மேல் மட்டத்தில் கட்லா அவற்றைத் தின்னும். நடுமட்டத்தில் ரோகுவும், அடிமட்டத்து மக்கில் மிர்காலும் பசியாறும். முழங்கை வரை நீரில் கையை விட்டுப் பார்த்தால் உள்ளங்கை தெரியாத அளவுக்கு நிறம் இருந்தால், இரண்டு நாள் தீவனம் போடாவிட்டாலும் மீன் பட்டினி கிடக்காது. உள்ளங்கை பளிச்சென்று தெரியும் தெளிந்த நீரில்தான் தீவனம் நின்றதும் பட்டினி தொடங்குகிறது. பணமுடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நீரின் நிறத்தைத்தான்.

தவிட்டில் புரதம் ஏறத்தாழ 12 சதவீதம். கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல். இரண்டையும் சம அளவில் கலந்தால் சுமார் 26 சதவீதப் புரதம் கிடைக்கும். கெண்டை வகைகளுக்கு இது போதும். பிண்ணாக்கு விலை ஏறும்போது அதை அறவே நிறுத்திவிட்டுத் தவிட்டை மட்டும் வாரக்கணக்கில் போடுவது சரியல்ல. மீனின் வயிறு நிறையும்; சதை கட்டப் புரதம் இருக்காது. இதற்குப் பதிலாக, சில நாள் புரதம் குறைந்த தீவனமும் சில நாள் புரதம் கூடிய தீவனமும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை 1990களில் கட்லாவிலும் ரோகுவிலும் நம் நாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சி குறையாமல் புரதச் செலவைக் குறைக்க அது இடம் தருகிறது. கைமுதல் குறைந்தவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அச்சம் சுரக்கும் ஹார்மோன்

மனிதருக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அட்ரினல் சுரப்பி உண்டு. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பி இல்லை. அதே வேலையைச் செய்யும் செல்கள் தலைக்குப் பின்னால் உள்ள சிறுநீரகத்தின் முன்பகுதியில் சிதறிக் கிடக்கின்றன. வலை விழுந்ததும், நீர் கலங்கியதும், கையில் பிடிபட்டதும், காற்றோட்டம் குறைந்து மூச்சுத் திணறியதும் மூளை பிட்யூட்டரிக்குச் சைகை காட்டுகிறது. பிட்யூட்டரி இந்தச் செல்களை முடுக்குகிறது. சில நிமிடங்களில் கார்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடுகிறது.

கார்டிசால் கெட்ட பொருள் அல்ல. தப்பி ஓட உடனடியாகச் சக்தி வேண்டும். அதற்குச் சர்க்கரை வேண்டும். அதை ஏற்பாடு செய்து தருவது இதுதான். உடம்பின் உப்புச் சமநிலையைக் காப்பதிலும் இதற்குப் பங்குண்டு. ஆபத்து நீங்கி, மீனைச் சும்மா விட்டால் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆண்டுக்கு நாலைந்து முறை வலை போடுவதால் எந்த மீனும் மெலிந்துவிடாது.

இறங்குவதற்குள் மறுபடி மறுபடி ஏறினால்தான் கேடு. தொடர்ந்து உயர்ந்து நிற்கும் கார்டிசால், சர்க்கரை தயாரிக்கத் தசைப் புரதத்தைப் பிரித்துக் கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன வளர்ச்சிக் காரணியைக் குறைக்கிறது. மீனின் பசியையும் மந்தமாக்குகிறது. அதாவது தீவனம் எதிரே கிடந்தாலும் தின்னாது, தின்றதும் சதையாகாது. நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றுவதால், சாதாரண நாளில் ஒன்றும் செய்யாத பேன்களும் கிருமிகளும் செதிலுக்கடியில் புண் உண்டாக்குகின்றன. விவசாயி கண்ணில் படுவது புண்தான். அதற்கு முன் பல வாரங்கள் நடந்தது கண்ணில் படுவதில்லை.

பட்டினியும் அச்சமும் சேர்ந்து வரும்போது நிலைமை இன்னும் மோசம். இரண்டும் ஒரே விதை நெல்லைத்தான் தொடுகின்றன. பட்டினி கிடக்கும் மீன் அசைவைக் குறைத்துக் கொண்டு, கிடைத்ததைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. மிரண்ட மீனால் அப்படிச் சிக்கனமாக இருக்க முடியாது. அதன் பராமரிப்புச் செலவே கூடிவிடுகிறது. ஒல்லியான மீன்களைக் கண்டதும் பதறி, வளர்ச்சியைப் பார்க்க வாரந்தோறும் குட்டை முழுவதும் இழுவலை போடுகிறவர்கள், வியாதியைப் பார்க்கப் போய் வியாதியையே வளர்க்கிறார்கள்.

ஒரே குட்டையில் பெரியதும் சிறியதும் கலந்து நின்றால் சிறியவற்றுக்கு இந்த இரட்டைத் தண்டனை தினசரி உண்டு. தீவனம் விழும் ஒரே இடத்தில் பெரியவை முந்திக் கொள்ளும். சிறியவை விரட்டப்பட்டு ஒதுங்கும். ஜிலேபி மீனில் இது மிகவும் அதிகம். வலுத்தது இளைத்ததைக் கடித்து விரட்டும். விரட்டப்பட்ட மீனின் இரத்தத்தில் கார்டிசால் உயர்ந்திருப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். குஞ்சு விடும்போதே ஒரே அளவில் பொறுக்கி விடுவதும், தீவனத்தை மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போடுவதும் இதற்குப் பரிகாரம். இதற்குக் காசு ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது.

ஆந்திரத்தில் ஒடுக்கி வளர்க்கிறார்களே?

இந்தக் கேள்வி நியாயமானது. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன் பண்ணைகளில் விரல் நீளக் குஞ்சுகளை அப்படியே வளர்ப்புக் குளத்தில் விடுவதில்லை. சிறு குளங்களில் நெருக்கமாக விட்டு, அளவாகத் தீவனம் கொடுத்து, ஓராண்டு வரை வளர்ச்சியை ஒடுக்கி வைப்பார்கள். 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள அந்த மீன்களைப் பெரிய குளத்தில் தாராளமாக இடம்விட்டு, துளையிட்ட சாக்குகளில் எண்ணெய் நீக்கிய தவிட்டையும் பிண்ணாக்கையும் கட்டித் தொங்கவிட்டு வளர்த்தால், வளர்ச்சி வேகமாக எழும்பும். ரோகுவும் கட்லாவும் அங்கே இப்படித்தான் பெரும் அளவில் உற்பத்தியாகின்றன.

பட்டினி நீங்கிய மீன் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து விட்டதைப் பிடிக்க முயலும் என்பது உண்மையே. தீவனம் கிடைத்ததும் பசி பெருகுகிறது. கல்லீரல் மறுபடி உத்தரவைக் கேட்கத் தொடங்குகிறது. தசையைப் பிரிக்கும் வேலை சுருங்கி, கட்டும் வேலை விழிக்கிறது. இருப்புச் செல்கள் பெருகுகின்றன. இதை ஈட்டு வளர்ச்சி என்பார்கள்.

ஆனால் ஒடுக்கி வளர்ப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. கொல்லேறு விவசாயி குஞ்சுக்கு உயிரும் சதையும் நிலைத்திருக்கும் அளவுக்குத் தீவனம் கொடுத்துக் கொண்டே இருக்கிறார். நீளமும் எடையும் சேர்ந்து நிதானமாகத்தான் ஏறுகின்றன. நீளத்துக்குத் தக்க சதை மீனில் இருக்கிறது. மெலிந்து தலை பெருத்த மீன் அல்ல அது. அதோடு, பின்னால் விடும் குளத்தில் ஆழமான நீரும், நிறைந்த தீவனமும், நீண்ட காலமும் அவருக்கு உண்டு. ஈட்டு வளர்ச்சி எழும்ப இந்த மூன்றும் வேண்டும். மாசியில் மெலிந்த மீனுக்குப் பங்குனி, சித்திரையில் நீரும் வற்றி, வெயிலும் ஏறி, வலையும் விழுந்து கொண்டிருந்தால் எந்த ஈடும் கிடைக்காது. ஈட்டு வளர்ச்சி பெரும்பாலும் இழந்ததில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும் என்பதையும் மறக்கக் கூடாது.

பருவ நீர்க் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இதில் கிடைக்கும் பயன் வேறு விதமானது. கிடைக்குமானால், முந்திய ஆண்டில் ஒடுக்கி வளர்த்த பெரிய குஞ்சுகளை வாங்கி விடலாம். விலை கூடுதல்தான். ஆயினும் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகாது. ஏழெட்டு மாதத்தில் சந்தை எடைக்கு வந்துவிடும். எண்ணிக்கையைக் குறைத்து விட்டால் தீவனமும் போதும். நிரந்தர நீர் உள்ள ஒருவர் தம் குளத்தின் ஒரு மூலையில் இப்படிக் குஞ்சுகளைத் தயார் செய்து அக்கம்பக்கத்துக் குட்டைக்காரர்களுக்கு விற்பது நல்ல தொழிலாகவும் இருக்கும்.

தீவனம் போடக் கூடாத நாட்கள்

பட்டினி எல்லாமே தீமையல்ல. மீன் போடுவதற்கு முன்னும், பிடிப்பதற்கு முன்னும் குடல் காலியாக இருக்க வேண்டும். குஞ்சுகளை ஊர் விட்டு ஊர் கொண்டு செல்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு நாள் ஹாப்பா எனப்படும் வலைத்தொட்டியில் தீவனமின்றி வைத்திருப்பது இதற்காகவே. குடலில் தீவனம் இருந்தால் பையில் உள்ள நீரைக் கழிவு கெடுக்கும்; செரிமானத்துக்குப் பிராணவாயுவும் கூடுதலாகச் செலவாகும். இப்படிக் காலியாக வைத்த குஞ்சு அச்சத்தைத் தாங்கும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நாள் ஆன நுண்குஞ்சுக்கு இந்த விதி பொருந்தாது. மஞ்சள் கரு அதற்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு நாள் தாமதித்தாலும் பெரும் சேதம் ஏற்படும். நாற்றங்கால் குளத்தில் மிதவை உயிர்கள் தயாராக இருக்கும் நாளைப் பார்த்துத்தான் நுண்குஞ்சு வாங்கி வர வேண்டும்.

மிரண்ட நன்னீர் மீன் செவுள் வழியாக உடம்பின் உப்பை இழக்கிறது. ஆதலால் குஞ்சு கொண்டுவரும் நீரில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் சமையல் உப்புச் சேர்ப்பது அச்சத்தின் பாதிப்பைக் குறைக்கும். வந்து சேர்ந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. பையைக் குட்டை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அன்றைக்குத் தீவனம் வேண்டாம். மறுநாள் மாலை கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

மேகம் கவிந்து தொடர்ந்து மழை தூறும் நாட்களில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். மூச்சுக்கே வழியில்லாத மீனுக்குத் தீவனம் சுமை. தின்னாமல் கிடந்து அழுகும் தீவனம், இருக்கிற பிராணவாயுவையும் உறிஞ்சிக் கொள்ளும். நல்ல நீரைப் பாய்ச்சுவதும், இறவைப் பம்பின் நீரை உயரத்திலிருந்து குட்டையில் விழச் செய்வதும், நீரைக் கழியால் அடித்துக் கலக்குவதும் உடனடி உபாயங்கள். ஒரு நாள் தீவனம் நின்றதால் வரும் நஷ்டம், தினந்தோறும் விடியலில் மூச்சுத் திணறுவதால் வரும் நஷ்டத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. வாரக்கணக்கில் இப்படித் திணறும் மீன் சாகாமல் இருக்கலாம், வளரவும் செய்யாது. அத்தகைய குட்டையில் சாணத்தை நிறுத்தி, மீனின் எண்ணிக்கையையும் குறைப்பதே சரி.

கைமுடையால் பத்துப் பதினைந்து நாள் தீவனம் நின்றுபோன குட்டையில், பணம் வந்த அன்றே முழு அளவைக் கொட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. பட்டினியில் குடலும் சுருங்கியிருக்கும். முதல் இரண்டு நாள் அரை அளவு, அடுத்த இரண்டு நாள் முக்கால் அளவு, பிறகு மீனின் பசியைப் பார்த்து முழு அளவு என ஏற்ற வேண்டும். அந்த இரண்டு வாரங்களுக்கு வலையைத் தொடாமல் இருந்தால் ஈட்டு வளர்ச்சிக்கு வழி கிடைக்கும்.

வலை போடும் முறை

வாரா வாரம் பத்து, இருபது கிலோ பிடித்து விற்றுச் செலவுக்கு எடுத்துக் கொள்ள வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இருபது கிலோவுக்காகக் குட்டை முழுவதையும் இழுவலையால் அரித்தால், பிடிபட்ட மீனைவிட வலையிலிருந்து தப்பிய மீன்தான் அதிகம் இழக்கிறது. தினமும் தீவனம் போடும் மூலையில் மீன் கூடும். அங்கே வீச்சு வலையை ஓரிரு முறை வீசினாலே வேண்டியது கிடைக்கும். முந்திய நாள் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். சூரியன் ஏறிச் சற்று நேரம் கழித்து, வெயில் உறைக்குமுன் பிடிப்பது நல்லது. விடியலுக்கு முன் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. வியாபாரி வருவதாகச் சொல்லி வராமல் போகும் நாட்களுக்காக, பிடித்த மீனை வலைக்குள் மணிக்கணக்கில் அடைத்து வைப்பதும் கூடாது. துடித்துத் துடித்துச் செத்த மீன் சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் கெடும். பிடித்ததும் பனிக்கட்டியில் இட்ட மீன் சந்தை வரை தாங்கும்.

தராசோடு ஒரு அளவுகோல்

மாதம் ஒரு முறை, ஒவ்வொரு வகையிலும் பத்து மீனை மட்டும் எடுத்து, ஈரக் கையால் பிடித்து, நீளத்தையும் எடையையும் குறித்துக் கொள்வது போதும். நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை மும்முறை பெருக்க வேண்டும். எடையைக் கிராமில் எடுத்து 100ஆல் பெருக்கி, முதலில் வந்த தொகையால் வகுக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் ரோகு 100 கிராம் இருந்தால்: 20ஐ மும்முறை பெருக்கினால் 8,000, 100ஐ 100ஆல் பெருக்கினால் 10,000, வகுத்தால் 1.25 வரும். அடுத்த மாதம் அதே நீளத்து ரோகு 80 கிராம்தான் இருந்தால் இந்த எண் 1க்கு இறங்கிவிடும். கட்லா அகன்ற உடம்புள்ளது. அதன் எண் ரோகுவைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஒரு வகையை இன்னொரு வகையோடு ஒப்பிடாமல், தம் குட்டையின் ரோகுவைச் சென்ற மாதத்து ரோகுவோடு ஒப்பிட வேண்டும்.

எண் இறங்கினால் முதலில் நீரின் நிறத்தையும், பிறகு தீவனக் கணக்கையும், அதற்குப் பிறகு கடந்த மாதத்தில் எத்தனை முறை வலை விழுந்தது, எத்தனை விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தேதியோடு இவற்றைக் குறித்து வைக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும்.